அத்தான் பெயரில் வைத்த தண்ணீர்

1

நான் வேலை செய்யும் பெற்றோல் செட்டுக்கு இந்த வாரம் ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், கழுத்தில் ஆளுக்கொரு தூரநோக்கி. ஊருக்குள் நுழையும் இடத்தில் சுருண்ட கொம்புடன் ஒரு காட்டுச் செம்மறியின் படம் போட்டுப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வழி கேட்பார்கள். எந்த மலைப்பக்கம் போனால் பார்க்கலாம் என்று தகப்பன் கேட்டார். இந்தப் பக்கத்தில் இப்போது அதிகம் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சின்னப் பெண் கேட்டாள். நோய் வருத்தம் வந்து செத்துப்போயின என்றேன். யாரால் வந்தது என்று அவள் கேட்கவில்லை. மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பினேன்.

அமெரிக்கா என்றதும் ஊரில் இருக்கும் உங்களுக்குப் பனியும் கண்ணாடிக் கட்டடங்களும்தான் மனதில் வரும். தொலைபேசி எடுத்தால் "அங்கை இப்ப குளிரோ?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக இருப்பது பாலைவனத்தில். வருஷத்தில் நாலு நாள் மழை பெய்தால் நல்ல வருஷம் என்பார்கள். ஆவணியில் காரின் கதவைத் துணியால் பிடித்துத்தான் திறக்கவேண்டும். நெடுந்தீவில் பிறந்தவனுக்கு வெயிலைக் காட்டப் பார்க்கிறார்களா என்ற இறுமாப்போடு வந்து இறங்கினேன். முதல் கோடையிலேயே மூக்கால் இரத்தம் வடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அந்த வெயிலில், பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லாத மலையில், இந்தச் செம்மறிகள் வாழ்கின்றன. செம்மறி என்றதும் கம்பளி உருண்டையை நினைக்காதீர்கள். உடம்பு மான் மாதிரி, நிறம் பாறையின் நிறம். அசையாமல் நின்றால் கண்முன்னே நின்றாலும் தெரியாது. கிடாயின் கொம்பு காதைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து கன்னத்தடியில் முடியும். கிடாய்கள் மோதும் காலத்தில் கொம்போடு கொம்பு அடிபடும் சத்தம் என் குசினிவரை கேட்கும். கால் வைக்க இடமில்லாத செங்குத்தில் குட்டியையும் கூட்டிக்கொண்டு ஏறும். நாட்கணக்காகத் தண்ணீர் இல்லாமல் இருக்கும். தாகம் மிஞ்சினால் கள்ளியைக் குளம்பால் உடைத்து உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எத்தனையோ தலைமுறை எவனுடைய தண்ணீரையும் எதிர்பாராமல் வாழ்ந்தவை. அதற்குள் நாங்கள் வந்து சேர்ந்தோம்.

2

நாங்கள் என்று நான் சொல்வதில் முக்கியமான ஆள் என் அக்கா, யோகம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் ஐயா தெற்கே கடை வைத்திருந்தார். மாதத்தில் மூன்று நாள்தான் தீவுக்கு வருவார். அம்மா நோயாளி. என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, அடித்து, அணைத்து வளர்த்தது அக்காதான். அவருக்குப் பிள்ளை இல்லை. அத்தான் சங்கக்கடை மனேச்சர், பேச்சுக் குறைந்த மனிதர். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு அவர்கள் நெடுந்தீவிலேயே இருந்தார்கள்.

இருவரையும் இங்கே அழைப்பதற்கு நான் விண்ணப்பம் போட்டுப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தூதரகம் கூப்பிட்டது. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும்: உங்கள் கோப்பு வரிசையில் இருக்கிறது. கடைசியில் கோப்பு வரிசையின் முன்னால் வந்தபோது அத்தான் இல்லை. நெஞ்சு நோ என்று இறங்குதுறைக்குக் கொண்டுபோய், வள்ளம் வருமுன்னரே, சீமெந்துக் கட்டில் படுத்தபடி முடிந்துபோனார். இரண்டாவது ஆள் எங்கே என்று தூதரகத்தில் கேட்டார்களாம். மரணச் சான்றிதழைக் காட்டியதும் அவருடைய பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அக்காவுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

இங்கே வந்த அக்கா செய்ததெல்லாம் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான். என் மனைவி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, விடிய வெளிக்கிட்டால் பொழுதுபட வருவாள். மகள் அபி பள்ளிக்கூடம். எனக்குப் பெற்றோல் செட். பகல் முழுவதும் அக்கா தனியே. வேலை முடிந்து வந்தால் ஒரே பேச்சுத்தான்: "என்னை அனுப்பிவிடு தம்பி." ஒரு வருஷம் இதைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இரக்கம் முதல் மூன்று மாதம்தான் இருந்தது. அதற்குப் பிறகு எரிச்சல். பின்பக்கத்துக் கதவைத் திறக்கும்போதே அந்தக் கதிரையின் கிறீச் சத்தம் கேட்டால் பல்லைக் கடிப்பேன்.

அதனால் ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் மெக்சிக்கோக்காரர் ஒருவரிடம் மூன்று ஆடு வாங்கி வந்தேன். இரண்டு பெட்டை மறி, ஒரு குட்டி. நகரசபையில் ஆடு வளர்க்க அனுமதிப் பத்திரம் வேண்டும். அதை அக்காவின் பெயரிலேயே எடுத்தேன். என் அக்காவுக்குச் செய்த பெரிய உபகாரம் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவருடைய வாயை அடைப்பதற்கு வாங்கியவை அவை. அடைந்தது. கதிரை மூலைக்குப் போனது, அக்கா ஆடுகளுக்குக் குழை தேடி வேலிக்கரை முழுவதும் நடந்தார், வீட்டில் அமைதி வந்தது.

3

எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் கிணற்றடியில் ஒரு தொட்டி கட்டி வைப்பது உங்களுக்குத் தெரியும். கோடையில் கட்டாக்காலியாகத் திரிகிற எதுவும் வந்து குடிக்கலாம். ஆள் இறந்தால் அவருடைய திவசத்துக்கு அவர் பெயரில் தொட்டி வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதற்கு மூன்று கட்டுப்பாடு. வைத்தவர் தன் கையாலேயே நிரப்பவேண்டும். தொட்டிக்கு வேலி போடக்கூடாது. இது குடிக்கலாம், அது குடிக்கக்கூடாது என்று பிரிக்கவும் கூடாது. பிரித்தால் இறந்தவருக்குத் தண்ணீர் போய்ச் சேராது என்பது நம்பிக்கை.

போன வருஷம் புரட்டாதியில் அத்தானின் திவசத்துக்கு ஐயர் தேடி அலைய முடியாது, கோயில் முந்நூறு மைலுக்கு அப்பால் என்று நான் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. ஒரு தொட்டி வாங்கித் தா என்றார். குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தகரத் தொட்டி ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் வீடுதான் தெருவில் கடைசி வீடு. பின்வாயிலைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் மலை. வாயிலுக்கு வெளியே தொட்டியை வைத்து, வாளி வாளியாக அக்காவே நிரப்பினார். விளக்கு ஒன்று கொளுத்தி, பழம் வைத்துக் கும்பிட்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் செம்மறிகள் இறங்கி வந்தன. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முன்னால் ஒரு கிழட்டு மறி, பின்னால் பத்துப் பன்னிரண்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் இரண்டு கிடாய். நின்று, பார்த்து, காற்றை மணந்து, ஒவ்வொன்றாக வந்து வாயை வைத்தன.

"கொத்தான்ரை தண்ணியைக் குடிக்க வந்திட்டினம், பாத்தியே?" என்றார் அக்கா. என்னிடம் பேசும்போதெல்லாம் அத்தான் அக்காவுக்குக் கொத்தான்தான், உன் அத்தான் என்று பொருள்.

அன்றுதான், இங்கே வந்ததற்குப் பிறகு முதல் தடவை, அவர் சிரித்ததைக் கண்டேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் மீதியெல்லாம் அந்தச் சிரிப்பைக் காப்பாற்றுகிறேன் என்ற சாட்டில் நான் செய்தவை.

கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வந்தன. அக்காவின் ஆடுகளும் அதே தொட்டியில் குடித்தன. கொஞ்ச நாளில் பயம் தெளிந்து மூக்கோடு மூக்கு வைத்து மணந்துகொண்டன. அதை நான் படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் இருதயப் படங்களாக வந்து குவிந்தன. புளியங்கூடலில் இருக்கும் சித்தப்பா மட்டும், கறிக்கு நல்லாய் இருக்குமோ என்று கேட்டு எழுதினார். அவருடைய யோசனைப்படி நடந்திருந்தால்கூட இத்தனை செத்திருக்காது.

4

மார்கழியில் கடிதம் வந்தது. வனவிலங்கு அலுவலகத்திலிருந்து. மேலே கொம்புத் தலை ஒன்று முத்திரையாக இருந்தது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் வீட்டு ஆடுகளும் காட்டுச் செம்மறிகளும் ஒன்றாக நிற்பதைக் கண்டோம். வீட்டு ஆடுகளின் மூக்கில் ஒரு கிருமி இருக்கலாம். அதனால் ஆட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. காட்டுச் செம்மறிக்குத் தொற்றினால் நெஞ்சில் சளி கட்டிச் சாகும். தப்புகிற தாய்கள் குட்டிகளுக்குக் கொடுக்கும். ஆகவே தண்ணீரை உடனே அகற்றவும். ஆடுகளை இரட்டை வேலிக்குள் அடைக்கவும். பரிசோதிக்க நாங்களே வருகிறோம், அழையுங்கள்.

வாசித்தேன். விளங்கியது. ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை.

இந்த ஊரில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். மூன்றுக்கும் நான்தான் வாய். ஆஸ்பத்திரி, வரி அலுவலகம், பள்ளிக்கூடம், எங்கே கூப்பிட்டாலும் போய் மொழிபெயர்ப்பேன். ஆரம்பத்தில் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். போகப் போக வடிகட்டப் பழகிவிட்டேன். என் மாமனாருக்கு வைத்தியர் மூன்று மாதம் என்று தவணை சொன்னபோது, "மூண்டு மாசம் குளிசை எடுக்கவேணுமாம்" என்று அவருக்குச் சொன்னேன். மனிதர் ஒரு நாள் தவறாமல் குளிசை போட்டு, மூன்றாம் மாதம் செத்தார். நல்ல வேலை செய்தாய், நிம்மதியாகப் போனார் என்று செத்தவீட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டு ஆளைக் கெடுக்கும்.

அக்காவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வேலி போடச் சம்மதிக்க மாட்டார். தொட்டியை எடுக்கச் சொன்னால் அழுவார். பிறகு அந்தக் கதிரை மூலையிலிருந்து பின்கதவுக்குத் திரும்பி வரும். இன்னொரு வருஷம், "என்னை அனுப்பிவிடு தம்பி." அவை காட்டு மிருகம்தானே, எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அலுவலகக்காரருக்கு வேறு வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லி, கடிதத்தை மின்சாரக் கட்டணக் கடதாசிகளுக்குக் கீழே வைத்தேன்.

அபி அதைக் கண்டுவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. பாடசாலையில் இந்தச் செம்மறிகளைப் பற்றிப் படித்தவள். மாமிக்கு, அதாவது என் அக்காவுக்கு, சொல்லியாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம் என்றேன். ஏன் தொட்டி இன்னும் அங்கே இருக்கிறது என்று கேட்டாள். அலுவலகத்தோடு பேசிவிட்டேன், வந்து பார்ப்பார்கள் என்றேன். அவள் நம்பினாள். அப்பா சொன்னால் நம்புகிற கடைசி வயதில் அவள் இருந்தாள்.

5

மாசிக் கடைசியில் குட்டிகள் வந்தன. ஒன்பது. அக்கா எண்ணி வைத்திருந்தார். நான் வேலையால் வந்ததும், இன்றைக்கு எந்தக் குட்டி எங்கே துள்ளியது, எது தாயைத் தொலைத்துக் கத்தியது என்று சொல்லி முடிப்பதற்குத் தேத்தண்ணீர் ஆறிவிடும்.

பங்குனியில் இருமல் தொடங்கியது. முதலில் அந்தக் கிழட்டு மறி. தலையைத் தொங்கப்போட்டு, கழுத்தை நீட்டி, மனிதர் இருமுகிற மாதிரியே இருமியது. பிறகு எல்லாம். மலையில் ஏறமுடியாமல் பாறையடியிலேயே நின்றன. மூக்கால் வடிந்தது. குட்டிகள் பின்தங்கின, தாயிடம் போய்ச் சேருமுன் படுத்தன.

"பாவங்களுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது," என்றார் அக்கா. சுக்கு என்கிற வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் போட்டுப் பெரிய கிடாரத்தில் அவித்து, ஆறவைத்து, வாளியில் சுமந்துபோய்த் தொட்டிக்குள் ஊற்றினார். சின்ன வயதில் எனக்குத் தடிமன் வந்தால் அவர் தருகிற அதே கசாயம். ஏறமுடியாதவை எல்லாம் தொட்டியைச் சுற்றியே நின்றன. சுகமாக இருந்தவையும் அவற்றோடு சேர்ந்து வந்து குடித்தன. ஒன்றின் சளி மற்றதின் வாய்க்குப் போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் செய்திருக்க முடியாது. நான் குசினி யன்னலில் நின்று பார்த்தேன். கசாயத்துக்கு வேர்க்கொம்பு வாங்கி வந்ததும் நான்தான்.

ஒரு குட்டி தொட்டியடியிலேயே செத்தது. தாய் இரண்டு நாள் அதைவிட்டு நகரவில்லை. நரி வந்தபோது குத்தப் பார்த்தது. இருமல் வந்து குத்த முடியவில்லை.

பிறகு அலுவலகக்காரர் வந்தார்கள். மற்ற மலைக்கூட்டத்துக்குப் பரவாமல் இருக்க, இருமுகிறவற்றைச் சுடவேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து பார்க்கத் தெரிகிற தூரத்தில் நாலு சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அக்கா காதைப் பொத்தினார். என்னத்துக்குச் சுடுகிறார்கள் என்று கேட்டார். மலையில் ஏதோ விசர் நோயாம், எங்கேயோ இருந்து பரவி வந்ததாம் என்றேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் ஒரு பெண். வெயிலில் முகம் சிவந்து, களைத்துப்போய் வந்தாள். அக்காவின் ஆடுகளின் மூக்கில் பஞ்சு விட்டு எடுத்துப்போனாள். ஒரு கிழமையில் முடிவு வந்தது: மூன்றிலும் கிருமி. அவற்றை எடுத்துக் கொல்வதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். மார்கழியில் அனுப்பிய கடிதத்தை இந்த அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லையா என்று என்னிடம் கேட்டாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றேன். அது பொய் இல்லை. அவள் அக்காவை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு பத்திரத்தில் எழுதினாள்.

அந்தப் பத்திரத்தில் இருந்தது இதுதான். உரிமையாளர் யோகம் வைத்த தண்ணீர்த் தொட்டியின் வழியாக அவருடைய ஆடுகளிலிருந்து காட்டுச் செம்மறிகளுக்கு நோய் பரவியது. மார்கழியில் இந்த முகவரிக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. மொழி விளங்காமையால் உரிமையாளர் அதைப் பின்பற்றவில்லை. ஆடுகளை அழிக்க உரிமையாளர் சம்மதிக்கிறார். அதற்குக் கீழே: மேலே உள்ள முழுவதையும் உரிமையாளரின் தாய்மொழியில் ஒன்றும் விடாமல் வாசித்துக் காட்டினேன் என உறுதி கூறுகிறேன். மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்.

அக்கா கடதாசியை வாங்கி, தலைப்பில் இருந்த கொம்புத் தலையைத் தடவிப் பார்த்தார்.

"உது என்ன தம்பி, சேட்டிபிக்கற்றே?"

"ஓம். தண்ணி வைச்சதுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கினம்."

"ஆட்டை என்ன செய்யப் போகினம்?"

"ஆட்டுக்கும் அந்த வருத்தம் தொத்திப்போச்சாம். மருந்து குடுக்கக் கொண்டு போகினம்."

அக்கா தமிழில் தன் பெயரை நிதானமாக எழுதினார். கீழே நான் என் கையொப்பத்தை வைத்தேன்.

ஆடுகளை வாகனத்தில் ஏற்றும்போது அக்கா குழைக்கட்டு ஒன்று கொண்டுவந்து உள்ளே வைத்தார். அலுவலர் பெண்ணிடம் என் மூலமாகச் சொல்லச் சொன்னார்: மண்ணிறத்து மறி, வாளியில் சவர்க்கார மணம் இருந்தால் தண்ணீர் குடிக்காது, குட்டிக்குத் தாயின் பக்கத்தில் படுக்க இடம் வேண்டும். இவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன். அவள் கண் கலங்கி அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்காவும் அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனிக்குள் ஒன்பது குட்டியும் செத்தன.

6

பத்திரத்தின் பிரதியை அக்கா பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, அலுமாரியில் அத்தானின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நெடுந்தீவுக்கு எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் அமெரிக்க அரசாங்கம் தனக்குத் தந்த சேட்டிபிக்கற்றைப் பற்றிச் சொன்னார். அங்கே பலருக்கு அது பெருமையாக இருந்ததாம்.

அபி அதை ஒரு நாள் எடுத்து வாசித்தாள். நானும் அக்காவும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். "நீங்கள் சொல்லவே இல்லை," என்றாள். அவள் பேசிய தமிழில் ஒரு பிழையும் இல்லாத வசனம் அது ஒன்றுதான். பிறகு அக்காவின் முன்னால் முழங்காலில் இருந்து, அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"மாமி... உங்கட ஆடு... சிக்... அந்த ஆடு, மவுண்டன் ஆடு... தண்ணி... அப்பா லெற்றர்..."

அவளிடம் ஆடு இருந்தது, தண்ணீர் இருந்தது. 'இதிலிருந்து அதற்கு', 'உங்களால்', 'முன்பே தெரிந்தும்' என்ற சொற்கள் இல்லை. எத்தனை சனிக்கிழமை அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போக இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டவேண்டும் என்று அலுப்புப்பட்டுப் படுத்துக் கிடந்தேன். அந்தச் சோம்பல் அன்று எனக்கு உதவியது.

"ஓம் மோளே, எங்கடை ஆட்டுக்கும் வருத்தம் வந்திட்டுதுதான்," என்று அக்கா அவளுடைய தலையைத் தடவினார். "இவள் ஏன் அழுகிறாள் தம்பி?"

அபி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனிக் கிடைக்காது என்று தெரியும்.

"ஆடுகள் போனது அவளுக்குக் கவலை அக்கா," என்றேன்.

அபி எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னோடு தமிழில் பேசுவதில்லை. இப்போது வேறு நகரத்தில் படிக்கிறாள். தாயோடு பேசும்போது நான் பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்துவாள்.

7

ஆடும் இல்லை, மலையிலிருந்து இறங்கி வர ஒன்றும் இல்லை. இந்த வருஷத் திவசத்தை நெடுந்தீவிலேயே செய்கிறேன் என்று அக்கா சொன்னபோது நான் உடனே பயணச்சீட்டு எடுத்தேன். உறையோடு அந்தப் பத்திரத்தையும் கைப்பையில் வைத்தார். விமான நிலையம் மூன்று மணித்தியால ஓட்டம். மூன்று மணித்தியாலமும் இதோ சொல்கிறேன், இந்தச் சந்தி கழியட்டும், அடுத்த பெற்றோல் செட் வரட்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். விமானத்தில் சைவச் சாப்பாடு கேட்கும் விதத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

போன கிழமை திவசம். இரண்டு நாள் கழித்து, நான் பெற்றோல் செட்டில் நிற்கும்போது அக்கா அழைத்தார். அங்கே விடிகிற நேரம்.

"தம்பி, மாஸ்டர் வாசிச்சவர்," என்றார்.

மாஸ்டர் என்றால் எங்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். திவசப் பந்தியில் ஆட்கள் இருந்தபோது அக்காதான் பத்திரத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும், சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்லுங்கள் என்றாராம். அவர் எழுந்து நின்று, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வசனமாக வாசித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாராம். மூன்றாவது வசனத்தில் நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாராம். நிற்பாட்ட வேண்டாம், முடியுங்கள் என்று அக்கா சொன்னாராம். என் கையொப்பம் வரைக்கும் அவர் வாசித்தார்.

முன்னால் ஒருவர் குளிர்பானப் போத்தலோடு நின்றார்.

"கடிதம் வந்தது குட்டியள் பிறக்க முன்னமே?"

"ஓம் அக்கா."

"நான் மல்லித்தண்ணி ஊத்தேக்கையும் உனக்குத் தெரியும்?"

"ஓம்."

"என்ரை ஆடுகள் உயிரோடை இருக்குதுகளோ?"

"இல்லை."

அக்கா அழுவார், ஏசுவார் என்று காத்திருந்தேன்; அவர் தொட்டியைப் பற்றிப் பேசினார். அவர் தீவுக்குப் போன உடனே எங்கள் கிணற்றடியில் மேசன் பிடித்துச் சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டுவித்திருந்தார். திவசத்தன்று முதல் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது; பத்திரம் வாசித்ததோடு அது நின்றுபோனது. உங்களுக்குத் தெரியும், இந்த வருஷம் அங்கே மழை பிந்திவிட்டது. தெற்கு வெளியில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் தண்ணீருக்கு அலைந்து, எலும்பு தெரிய, வீட்டுப் படலைவரை வருகின்றனவாம். இரண்டு ஏற்கனவே விழுந்துவிட்டனவாம்.

"குதிரையள் வந்து தொட்டியைச் சுத்தி நிக்குதுகள் தம்பி. கிணத்திலை தண்ணி கிடக்கு. எனக்கு ஊத்தப் பயமாக் கிடக்கு," என்றார் அக்கா. "கொத்தான்ரை பேரிலை இனி நான் எதையும் கொல்லமாட்டன்."

"அக்கா, அந்த வருத்தம் குதிரைக்கு வராது. அது ஆடு, செம்மறிக்குத்தான். நீங்கள் பயமில்லாமல் ஊத்துங்கோ."

"உதையும் நீதானே சொல்லுறாய்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தும் அக்கா பேசவில்லை. மாஸ்டருக்கு எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் துண்டித்தார். மற்றவர்கள் அக்காவின் மனம் ஆறட்டும் என்கிறார்கள். அவர் மனம் ஆறும்வரை குதிரைகள் தாங்கமாட்டா.

இதை வாசிக்கும் யாராவது நெடுந்தீவில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே என் அக்கா வீட்டுக்குப் போங்கள். மேற்குப் பக்கம், புதுச் சீமெந்துத் தொட்டி உள்ள வளவு. ஆட்டின் அந்த வருத்தம் குதிரைக்குத் தொற்றாது, தண்ணீர் ஊற்றலாம் என்று சொல்லுங்கள். படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லுங்கள், மிருக வைத்தியர் சொன்னார் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.